நண்பருக்கு இத்தாலிய மொழியில் அக்கறையாக யோசனை சொல்வது எப்படி? பழக்கவழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய மொழி படிக்கும் தமிழர்களோடு பேசும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மிலானோ, தொரீனோ பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வந்த மாணவர்களும் சரி, பலெர்மோவில் வேரூன்றிவிட்ட ஈழத்தமிழ்க் குடும்பத்தினரும் சரி, கடையில் பொருள் கேட்கவும் வழி கேட்கவும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். ஆனால் கூடத் தங்கியிருக்கும் இத்தாலிய நண்பன் தினமும் ராத்திரி 2 மணி வரை விழித்திருக்கிறான், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறான் என்றால், அவனிடம் அக்கறையாக ஒரு வார்த்தை சொல்ல வரும்போது தடுமாற்றம். சொல்லிவிட்டாலும் அதட்டுவது போல ஆகிவிடுகிறது.

இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வல்லின ஒலிக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் நம் எழுத்தில் வேறுபாடு இல்லை என்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு முறையாவது இத்தாலியர் வாயால் கேட்டு ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

"நீ சீக்கிரம் தூங்கணும்" என்பதற்கு 'தேவி தோர்மீரே பிரெஸ்தோ' என்று சொன்னால் சரிதானே?

புரியும். ஆனால் நண்பன் காதில் அது உத்தரவாக விழும். தமிழில் 'தூங்கணும்' என்ற ஒரே சொல் கட்டாயத்துக்கும் வரும், அக்கறைக்கும் வரும். அம்மா சொல்கிறாரா, அதிகாரி சொல்கிறாரா என்பதைக் குரலே காட்டிவிடும். இத்தாலியத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினையின் வடிவம் செய்கிறது. 'தேவி' என்றால் செய்தே ஆகவேண்டும்: வாடகை கட்டணும், மருந்து சாப்பிடணும் என்பதற்கு அது சரி. நண்பனின் பழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது 'தோவ்ரெஸ்தி' போடுங்கள். 'தூங்கினா நல்லது', 'தூங்கலாமே' என்று நாம் இறங்கிச் சொல்கிற தொனி அதில் தானாக வந்துவிடும்.

இந்த வடிவத்துக்கு இத்தாலிய இலக்கணத்தில் 'கொந்தித்ஸியொனாலே' என்று பெயர். ஆறு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: தோவ்ரேய், தோவ்ரெஸ்தி, தோவ்ரெப்பே, தோவ்ரெம்மோ, தோவ்ரெஸ்தே, தோவ்ரெப்பெரோ. மூல வினை 'தோவேரே'. நடுவில் இருக்கும் 'ஏ' விழுந்துவிடுவதால் 'தோவெரேய்' என்று ஆகாது. 'பொதேரே', 'அந்தாரே' ஆகியவையும் இதே போல நடு உயிரை இழந்து 'பொத்ரேய்', 'அந்த்ரேய்' ஆகும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'தோர்மீரே பிரெஸ்தோ' என்பது தமிழில் யோசித்த வாக்கியம். சீக்கிரம் தூங்கப் போவதை இத்தாலியர்கள் 'அந்தாரே ஆ லெத்தோ பிரெஸ்தோ', அதாவது சீக்கிரம் படுக்கைக்குப் போவது என்றுதான் சொல்வார்கள். ஆக முழு வாக்கியம்: 'தோவ்ரெஸ்தி அந்தாரே ஆ லெத்தோ பிரெஸ்தோ'. எதிரே இருப்பவர் இப்போது படுக்கும் நேரத்தை விடக் கொஞ்சம் முன்னதாக என்றால் 'உன் போ பிரீமா'.

அப்படின்னா 'தேவி' நண்பர்களிடம் சொல்லவே கூடாதா?

அப்படியில்லை. ஒரு நல்ல விஷயத்தை ஆசையோடு பரிந்துரைக்கும்போது 'தேவி' மிகவும் இயல்பு. 'தேவி அஸ்ஸொலுதமெந்தே புரோவாரே குவெஸ்தோ ஜெலாதோ!' என்றால் 'இந்த ஐஸ்கிரீமை நீ கண்டிப்பா சாப்பிட்டுப் பார்க்கணும்!' என்ற உற்சாகம்தான். ஒருவருடைய அன்றாடப் பழக்கத்தைத் திருத்தப் போகும்போதுதான் அது உறுத்துகிறது. நண்பருடைய உடல்நிலை உண்மையிலேயே கவலைக்கிடமாக இருந்து, 'நீ கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும்' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் 'தேவி'யே போடுங்கள். அங்கே மென்மை தேவையில்லை.

'தோவ்ரெஸ்தி', 'பொத்ரெஸ்தி' ரெண்டும் ஒண்ணுதானா?

கிட்டத்தட்ட. 'தோவ்ரெஸ்தி' சொன்னால் 'இதுதான் நல்லது என்று நினைக்கிறேன்' என்று உங்கள் கருத்தை வைக்கிறீர்கள். 'பொத்ரெஸ்தி' சொன்னால் 'இப்படியும் செய்யலாம், பாரேன்' என்று ஒரு வழியை மட்டும் காட்டுகிறீர்கள். பழகிச் சில வாரமே ஆன வகுப்புத் தோழரிடம் 'பொத்ரெஸ்தி'யில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும்: 'பொத்ரெஸ்தி அந்தாரே ஆ பியேதி', அதாவது நீ நடந்தே போகலாமே.

இன்னும் லேசாகச் சொல்ல 'பெர்கே நோன்...?' இருக்கிறது. 'பெர்கே நோன் வாய் ஆ பியேதி?' என்றால் 'ஏன் நடந்து போகக்கூடாது?' என்பதுதான். தமிழில் இதே கேள்வி சில நேரம் குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். இத்தாலியத்தில் இது சாதாரணமான யோசனை. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஸெகோந்தோ மே' (என்னைக் கேட்டால்) சேர்த்தால் எந்த யோசனையும் இதமாகிவிடும்.

'தோவ்ரெஸ்தி' மாதிரி சொல்லுக்கு அப்புறம் வர்ற வினைக்கு முன்னாடி சில நேரம் 'தி', சில நேரம் 'ஆ', சில நேரம் ஒண்ணுமே இல்லை. எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வினையையும் அதன் ஒட்டையும் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதுதான் வழி. ஒட்டு இல்லாமல் வருபவை: தோவ்ரெஸ்தி, பொத்ரெஸ்தி, தி கொன்வியேனே (உனக்கு அதுதான் சாதகம்). 'தி' கேட்பவை: தி கொன்ஸீல்யோ தி (உனக்கு யோசனை சொல்கிறேன்; முதலில் வரும் 'தி' வேறு சொல், 'உனக்கு' என்று பொருள்), ச்சேர்கா தி (முயற்சி செய்), ஏவிதா தி (தவிர்), ஸ்மெத்தி தி (நிறுத்து), ரிகோர்தாதி தி (மறக்காமல் செய்). 'ஆ' கேட்பவை: புரோவா ஆ (செய்து பார்), கொமின்ச்சா ஆ (ஆரம்பி), அபீத்துவாதி ஆ (பழகிக்கொள்), ஃபரெஸ்தி மேல்யோ ஆ (செய்தால் உனக்கு நல்லது).

'ச்சேர்கா தி', 'புரோவா ஆ' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பழக்கவழக்கப் பேச்சில் உதவும். எட்டு மணி நேரத் தூக்கம் போல, எப்போதும் கடைப்பிடிக்க முயல வேண்டியதற்கு முதலாவது: 'ச்சேர்கா தி தோர்மீரே ஓத்தோ ஓரே'. ஒரு தந்திரத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல இரண்டாவது: 'புரோவா ஆ ஸ்பேன்யெரே இல் தெலேஃபொனோ பிரீமா தி தோர்மீரே', அதாவது தூங்குவதற்கு முன்னால் போனை அணைத்துப் பாரேன்.

'தினமும்', 'வாரா வாரம்', 'திங்கட்கிழமைதோறும்' இதெல்லாம் எப்படி?

'தினமும்' என்பதற்கு இரண்டு வழி: 'ஓன்யி ஜோர்னோ', 'தூத்தி இ ஜோர்னி'. பொருள் ஒன்றுதான். முதலாவதில் ஒருமை, இரண்டாவதில் பன்மை. 'ஓன்யி ஜோர்னி' என்று கலந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். 'ஓன்யி'க்குப் பின் ஒருமைதான் வரும். 'ஓன்யி தூவே ஜோர்னி' (இரண்டு நாளுக்கு ஒரு முறை) போல எண் நடுவில் வந்தால் மட்டும் பன்மை சரி. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்பதற்கு ஓர் அழகான வழக்கு உண்டு: 'உன் ஜோர்னோ ஸீ எ ஊனோ நோ', ஒரு நாள் ஆமாம், ஒரு நாள் இல்லை. 'நாளுக்கு இரண்டு தடவை' என்றால் 'தூவே வோல்தே அல் ஜோர்னோ', 'வாரத்துக்கு ஒரு தடவை' என்றால் 'ஊனா வோல்தா அல்லா ஸெத்திமானா'.

கிழமைகளில்தான் கவனம் வேண்டும். 'லுனெதி' என்றால் வரப்போகும் ஒரு திங்கட்கிழமை. முன்னால் 'இல்' சேர்த்து 'இல் லுனெதி' என்றால் திங்கட்கிழமைதோறும். 'இல் லுனெதி வாதோ இன் பலெஸ்த்ரா' என்றால் திங்கட்கிழமை ஆனால் ஜிம்முக்குப் போவேன் என்ற வழக்கம். அந்தச் சின்ன 'இல்' விட்டுப்போனால், வழக்கம் மறைந்து ஒரு நாள் திட்டமாகிவிடும். ஏழு கிழமைகளில் ஞாயிறு மட்டும் பெண்பால்: 'ல தொமேனிகா'. இதே போல 'ல மத்தீனா' காலை வேளைகளில், 'ல ஸேரா' மாலை வேளைகளில்.

'ஸெம்ப்ரே', 'ஸ்பெஸ்ஸோ', 'மாய்' எங்கே போடணும்? தமிழ் மாதிரி வினைக்கு முன்னாடியா?

வினைக்குப் பின்னால். நாம் 'எப்பவும் லேட்டா சாப்பிடுறே' என்போம். அவர்கள் 'மஞ்சி ஸெம்ப்ரே தார்தி' என்பார்கள். 'ஸ்பெஸ்ஸோ' (அடிக்கடி) அப்படியே. 'தி ஸோலிதோ' (வழக்கமாக), 'ஓன்யி தாந்தோ' (எப்போதாவது) இரண்டும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் தாராளமாக வரும்.

'ஒருபோதும் இல்லை' என்ற பொருளில் வினைக்குப் பின்னால் வரும் 'மாய்'க்கு 'நோன்' கூட வரவேண்டும்: 'நோன் தோவ்ரெஸ்தி மாய் ஸல்தாரே ல கொலத்ஸியோனே', காலைச் சாப்பாட்டை ஒருபோதும் விடக்கூடாது. நண்பரைப் பற்றி 'ஸெம்ப்ரே', 'மாய்' போட்டுச் சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள். 'நீ எப்பவுமே லேட்டு' என்பது எந்த மொழியிலும் மனத்தைக் குத்தும். 'ஸ்பெஸ்ஸோ' போதும்.

நேரடியா 'சாப்பிடு', 'தூங்கு'ன்னு கட்டளை வடிவத்துல சொன்னா கோபமா சொல்ற மாதிரி இருக்காதா?

இருக்காது. இந்தப் பயம் நம்மவர்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. 'தூ' (நீ) என்று கூப்பிடும் நெருக்கம் வந்துவிட்டால், கட்டளை வடிவம்தான் இத்தாலியர்களின் அன்பு மொழி. 'மஞ்சா, தாய்!' (சாப்பிடு, வா!), 'பேவி உன் போ தாக்வா' (கொஞ்சம் தண்ணீர் குடி), 'தோர்மி!' என்று நாள் முழுக்கக் கேட்பீர்கள். முகம் சிரித்தபடி இருந்தால் சரி. முன்னால் 'மகாரி' சேர்த்தால் இன்னும் இளகும்: 'மகாரி புரோவா ஆ கம்மினாரே', நடந்துதான் பாரேன். 'மகாரி!' என்று தனியாகச் சொன்னால் மட்டும் பொருள் மாறி, 'அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!' என்ற ஏக்கமாகிவிடும்.

வடிவத்தைச் சரியாகச் சொல்வதுதான் கடினம். 'ஆரே'யில் முடியும் வினைகள் 'ஆ' ஆகும்: மஞ்சாரே, மஞ்சா, கம்மினாரே, கம்மீனா. 'ஏரே', 'ஈரே'யில் முடிபவை 'இ' ஆகும்: பிரெந்தெரே, பிரெந்தி, தோர்மீரே, தோர்மி. இது தலைகீழானால் ஒரு சிக்கல் உண்டு. 'மஞ்சி' என்று கட்டளையாகச் சொன்னால் அது மரியாதை வடிவம். நண்பனைத் திடீரென்று 'சாப்பிடுங்கள்' என்றது போலாகும். 'இருத்தல்', 'உடைமை' வினைகள் தனி வழியில் போகும்: 'ஸீஈ', 'அப்பி'. 'அப்பி பத்ஸியென்த்ஸா' (பொறுமையாக இரு) அடிக்கடி தேவைப்படும்.

'பண்ணாதே'ன்னு எப்படிச் சொல்றது? 'நோன் ஃபூமா'ன்னு சொன்னேன், திருத்திட்டாங்க.

'தூ' என்று அழைக்கிறவரிடம் 'செய்யாதே' சொல்லும்போது கட்டளை வடிவம் வராது. 'நோன்' போட்டு அகராதி வடிவத்தை அப்படியே வைக்க வேண்டும். 'நோன் ஃபுமாரே' (புகை பிடிக்காதே), 'நோன் பேரே கஃப்ஃபே ல ஸேரா' (சாயங்காலத்தில் காபி குடிக்காதே), 'நோன் மஞ்சாரே கொஸீ தார்தி' (இவ்வளவு லேட்டாகச் சாப்பிடாதே). பலரிடம் ஒரே நேரத்தில் என்றால் 'நோன் ஃபுமாதே'.

எழுந்திரு, ஓய்வெடு மாதிரி வினைகள்ல 'உன்னை'ங்கற 'தி' எங்கே ஒட்டும்?

ஆமோதித்துச் சொல்லும் கட்டளையில் வினையின் வாலில் ஒட்டும்: 'அல்த்ஸாதி பிரெஸ்தோ' (சீக்கிரம் எழுந்திரு), 'ரிபோஸாதி' (ஓய்வெடு), 'ரிக்வார்தாதி' (உடம்பைப் பார்த்துக்கொள்). அழுத்தம் முதலில் இருந்த இடத்திலேயே நிற்கும், வாலுக்கு நகராது. 'தோவ்ரெஸ்தி'யோடு வந்தால் இரண்டு இடமும் சரி: 'தோவ்ரெஸ்தி அல்த்ஸார்தி', 'தி தோவ்ரெஸ்தி அல்த்ஸாரே'. 'செய்யாதே'யிலும் இரண்டும் சரி: 'நோன் பிரெஒக்குபார்தி', 'நோன் தி பிரெஒக்குபாரே', கவலைப்படாதே.

ஓரசைக் கட்டளைகளில் ஒட்டும் எழுத்து இரட்டிக்கும்: 'ஃபா' கூட 'லோ' சேர்ந்து 'ஃபல்லோ' (அதைச் செய்), 'வா' கூட 'ச்சி' சேர்ந்து 'வச்சி' (அங்கே போ). 'வச்சி பியானோ' என்றால் 'நிதானமாப் போ, அளவா வெச்சுக்கோ' என்று பொருள். முதல் நாளே 10 கிலோமீட்டர் ஓடத் துடிக்கும் நண்பருக்குச் சொல்ல ஏற்றது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஆபீஸ் மேலாளர் இவங்களுக்குச் சொல்லும்போது? 'நீங்க' என்பதால 'வோய்' போடலாமா?

பொதுவாக வேண்டாம். தமிழில் 'நீங்கள்' மரியாதைக்கும் பன்மைக்கும் ஒன்றே என்பதால் 'வோய்' நாக்கில் வந்துவிடும். இன்றைய பொது இத்தாலியத்தில் மரியாதை வடிவம் 'லேய்', அதாவது படர்க்கை ஒருமை. ஆகவே 'தோவ்ரெப்பே', 'பொத்ரெப்பே', 'லே கொன்ஸீல்யோ தி...'. கட்டளை வடிவமும் மாறும்: பிரெந்தா (எடுத்துக்கொள்ளுங்கள்), மஞ்சி (சாப்பிடுங்கள்). இங்கே ஒட்டு முன்னால் போகும்: 'ஸி ரிபோஸி, ஸின்யோரா' (ஓய்வெடுங்கள் அம்மா), 'நோன் ஸி பிரெஒக்குபி' (கவலைப்படாதீர்கள்).

'வோய்'க்கும் ஒரு வரலாறு உண்டு. 1938-இல் முசோலினியின் பாசிச ஆட்சி 'லேய்' வழக்கைக் கைவிட்டு 'வோய்' சொல்லும்படி உத்தரவிட்டது. ஆட்சி போனதும் 'லேய்' மறுபடி நிலைத்தது. நாப்போலி பக்கமும் தெற்கின் சில இடங்களிலும் வயதானவர்களிடம் மரியாதை 'வோய்' இன்றும் இயல்பாகக் கேட்கும். அதற்கும் பாசிசத்துக்கும் தொடர்பில்லை, அது அதைவிட மிகப் பழைய வழக்கு. சிசிலிய மொழியில் பெரியவர்களை 'வொஸ்ஸியா' என்று அழைக்கும் மரபும் உண்டு. அவர்கள் உங்களிடம் அப்படிப் பேசினால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். நீங்கள் 'லேய்' சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரியவர் 'தியாமோச்சி தெல் தூ' என்றால், 'தூ' என்றே பேசிக்கொள்வோம் என்று அழைக்கிறார். அதற்கு முன் நீங்களாக 'தூ'வுக்குத் தாவ வேண்டாம்.

'தி கொன்வியேனே' என்றால் காசு மிச்சமாகும்னு அர்த்தமா?

காசும் அதில் வரும், காசு மட்டும் இல்லை. 'உனக்கு அதுதான் சாதகம்' என்பது நெருங்கிய பொருள். 'தி கொன்வியேனே ஃபாரே ல ஸ்பேஸா அல் மெர்காதோ' (சந்தையில் காய்கறி வாங்கினால் உனக்கு லாபம்), 'தி கொன்வியேனே உஷீரே அல்லே ஸெத்தே' (7 மணிக்கே கிளம்பினால் உனக்கு நல்லது). நேரம், கூட்டம், செலவு பற்றிய நடைமுறை யோசனைக்கு இதைவிட நல்ல சொல் இல்லை.

உடம்பு, தூக்கம், புகை போன்ற சொந்த விஷயங்களில் கொஞ்சம் கவனம். குரல் கடுமையானால் இதே சொல் எச்சரிக்கையாகிவிடும். முன்பு சொன்ன 'ஃபரெஸ்தி மேல்யோ ஆ' அதைவிடக் கூர்மையானது. 'ஒழுங்கா செய்யறது உனக்கு நல்லது' என்ற சாயல் அதில் உண்டு. 'ஸ்மெத்தி தி' என்பதோடு 'ல' ஒட்டி 'ஸ்மெத்திலா தி...' என்றால் எரிச்சல், 'போதும் நிறுத்து' என்பது போல. நண்பர் சிகரெட்டை விடவேண்டும் என்று சொல்ல இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

'நான் உன் இடத்துல இருந்தா' என்பதற்கு 'ஸே ஸரேய்' சரியா?

சரியில்லை. 'ஸே'க்குப் பின்னால் 'கொந்தித்ஸியொனாலே' வராது. அங்கே 'கொஞ்சுந்தீவோ' எனப்படும், கற்பனையைச் சொல்லும் வினை வகையின் இறந்தகால வடிவம் வரும். 'ஸே ஃபொஸ்ஸி இன் தே, அந்த்ரேய் ஆ லெத்தோ பிரீமா.' அதாவது, உன் இடத்தில் நான் இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே படுத்துவிடுவேன். முதல் பாதியில் 'ஃபொஸ்ஸி', இரண்டாம் பாதியில் 'அந்த்ரேய்'. இந்தப் பிழை இத்தாலியக் குழந்தைகளும் செய்வதுதான், பள்ளியில் திருத்துவார்கள்.

'கொஞ்சுந்தீவோ' இன்னும் படிக்கவில்லை என்றால் 'ஈயோ அல் போஸ்தோ தூவோ' என்று தொடங்குங்கள். பொருள் அதேதான், 'ஸே'யும் இல்லை, தொல்லையும் இல்லை: 'ஈயோ அல் போஸ்தோ தூவோ அந்த்ரேய் ஆ பியேதி'.

என் பழைய பழக்கத்தைச் சொல்லி யோசனை சொல்ல நினைச்சேன். 'நானும் ராத்திரி 11 மணிக்குச் சாப்பிடுவேன்'னு சொன்னதும் நண்பர் குழம்பிட்டார். ஏன்?

தமிழின் ஒரு தனித்தன்மை இங்கே காலை வாருகிறது. 'அப்போல்லாம் நான் 11 மணிக்குத்தான் சாப்பிடுவேன்' என்று பழைய பழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். 'சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்' என்பதும் அப்படித்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் 'மஞ்சேரோ' என்றால், கேட்பவருக்கு 'இனிமேல் சாப்பிடப் போகிறேன்' என்றுதான் புரியும்.

பழைய பழக்கத்துக்கு இத்தாலியத்தில் 'இம்பெர்ஃபெத்தோ' என்ற தனி இறந்தகாலம் இருக்கிறது: மஞ்சாவோ (சாப்பிடுவேன், முன்பெல்லாம்), தோர்மீவோ, அந்தாவோ. ஒரு முறை நடந்து முடிந்த மாற்றத்துக்கு வேறு இறந்தகாலம்: 'ஓ கொமின்ச்சாதோ' (ஆரம்பித்தேன்). இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 'லான்னோ ஸ்கோர்ஸோ ஆங்கியோ அந்தாவோ ஆ லெத்தோ அல்லே தூவே. எரோ ஸெம்ப்ரே ஸ்தாங்கோ. போய் ஓ கொமின்ச்சாதோ ஆ ஸ்பேன்யெரே இல் தெலேஃபொனோ அல்லே ஊந்திச்சி.' போன வருடம் நானும் 2 மணிக்குத்தான் படுப்பேன். எப்போதும் களைப்பாக இருப்பேன். அப்புறம் 11 மணிக்குப் போனை அணைக்க ஆரம்பித்தேன். பேசுபவர் பெண் என்றால் 'ஸ்தாங்கா'.

எனக்கு இந்த வகை யோசனைதான் மிகவும் பிடிக்கும். 'நீ இதைச் செய்' என்று ஒரு இடத்திலும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'தோவ்ரெஸ்தி' சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன நண்பரிடம் 'இம்பெர்ஃபெத்தோ'வில் ஒரு கதை சொல்லிப் பாருங்கள்.

'பழக்கம்'னு சொல்லவே எந்தச் சொல்?

'அபிதூதினே'. ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது 'பிரெந்தெரே லபிதூதினே தி'. கெட்ட பழக்கம் என்றால் 'வீத்ஸியோ'. நகம் கடிப்பது முதல் புகை வரை அதில் அடங்கும். வேடிக்கையாகவும் சொல்வார்கள், ஆனால் நண்பரின் பழக்கத்தை நீங்களாக 'வீத்ஸியோ' என்று பெயர் வைத்து அழைக்காமல் இருப்பது நல்லது. பழகிவிடும் என்று தைரியம் சொல்ல: 'பியான் பியானோ தி அபீத்துவி', போகப் போகப் பழகிடுவே.

யாரையும் குறிப்பிடாம, 'தண்ணி நிறைய குடிக்கணும்'னு பொதுவா எப்படிச் சொல்றது?

'பிஸோன்யா பேரே தாந்தா ஆக்வா.' 'பிஸோன்யா' ஆளுக்கு ஏற்ப மாறாது, பின்னால் ஒட்டு இல்லாமல் அகராதி வடிவம் வரும். முதல் கேள்வியில் பார்த்த '-ணும்'முக்கு இதுவும் ஒரு ஜோடி: யார் என்று சொல்லாமல் விட்ட '-ணும்'. 'நீ' இல்லாததால் யாருக்கும் முள்ளாகக் குத்தாது. அதையே 'பிஸொன்யெரெப்பே' என்று மாற்றினால் 'குடிச்சா நல்லதுதான்' என்று இன்னும் தணியும்.

இத்தாலியர்கள் எனக்குச் சொல்ற யோசனைகளுக்கு என்ன பதில் சொல்றது? சிலது விசித்திரமா இருக்கு.

நிறையச் சொல்வார்கள், அன்பினால்தான். ஈரத் தலையோடு வெளியே போகாதே ('நோன் உஷீரே கோன் இ கபெல்லி பன்யாதி') என்பது நம் வீட்டுப் பாட்டி சொல்வதுதான். கழுத்தில் காற்றுப் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று 'கோல்போ தாரியா'வைப் பற்றி எச்சரிப்பார்கள். சாப்பிட்டதும் கடலில் இறங்காதே என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேல் கப்புச்சீனோ கேட்டால், பால் சேர்ந்த காபி காலைக்கு மட்டும்தான், இப்போது எஸ்பிரெஸ்ஸோ குடி என்பார்கள்.

வாதம் செய்யத் தேவையில்லை. 'ஆய் ரஜோனே' என்று சொல்லுங்கள்: நீ சொல்வது சரி. எழுத்தில் முன்னால் 'எச்' இருந்தாலும், ஆங்கில 'ஹாய்' போல அதை ஒலிக்க வேண்டாம். 'கிராத்ஸியே தெல் கொன்ஸீல்யோ' (யோசனைக்கு நன்றி), 'ச்சி புரோவோ' (செய்து பார்க்கிறேன்), 'ச்சி பென்ஸோ' (யோசிக்கிறேன்). 'லோ ஸோ, தோவ்ரேய்...' (தெரியும், செய்யணும்தான்...) என்று இழுத்தால், மனம் இருக்கிறது, செய்வது சந்தேகம் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

தேர்வுல நண்பருக்கு யோசனை சொல்லி எழுதச் சொன்னா எப்படி எழுதறது?

சியேனா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளீதா ஆகிய தேர்வுகளுக்குத் தயாராகும்போது இப்படி ஒரு கடிதம் எழுதிப் பழகுவது பயனுள்ளது. இத்தாலியக் குடியுரிமைக்கு 2018 முதல் பி1 நிலை (இடைநிலை) மொழித்திறன் கேட்கப்படுவதால், பல வருடம் அங்கே வாழ்ந்தவர்களும் இப்போது எழுத்துப் பயிற்சி செய்கிறார்கள். மேலே பார்த்தவற்றை வைத்து ஒரு மாதிரி:

'ச்சாவோ! மி திஸ்பியாச்சே ஸெந்தீரே கே ஸேய் ஸெம்ப்ரே ஸ்தாங்கோ. ஸெகோந்தோ மே தோவ்ரெஸ்தி அந்தாரே ஆ லெத்தோ உன் போ பிரீமா. புரோவா ஆ ஸ்பேன்யெரே இல் தெலேஃபொனோ அல்லே ஊந்திச்சி எ நோன் பேரே கஃப்ஃபே ல ஸேரா. ல மத்தீனா நோன் ஸல்தாரே மாய் ல கொலத்ஸியோனே. இல் ஸாபதோ பொத்ரெஸ்தி வெனீரே ஆ கோர்ரெரே கோன் மே. ஆங்கியோ லான்னோ ஸ்கோர்ஸோ தோர்மீவோ போகோ, போய் பியான் பியானோ மி ஸோனோ அபித்துவாதோ. ஃபம்மி ஸபேரே!'

எப்போதும் களைப்பாக இருக்கிறாய் என்று கேட்டு வருத்தம். கொஞ்சம் முன்னதாகப் படு. 11 மணிக்குப் போனை அணை. சாயங்காலக் காபி வேண்டாம். காலைச் சாப்பாட்டை விடாதே. சனிக்கிழமைகளில் என்னோடு ஓட வரலாமே. நானும் போன வருடம் சரியாகத் தூங்குவதில்லை, போகப் போகப் பழகிவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று சொல். 'தோவ்ரெஸ்தி' ஒரே முறைதான் வந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு யோசனைக்கும் வேறு வடிவம் எடுத்தால் படிக்கவும் நன்றாக இருக்கும், உங்களுக்குத் தெரிந்த இலக்கணமும் வெளியே தெரியும்.

'நீ முன்னாடியே தூங்கியிருக்கணும்' என்பதும் யோசனைதானே?

வடிவம் 'அவ்ரெஸ்தி தோவூதோ': 'அவ்ரெஸ்தி தோவூதோ அந்தாரே ஆ லெத்தோ பிரீமா'. ஆனால் அது நடந்து முடிந்ததைக் குத்திக் காட்டுவது. தேர்வு எழுதப் போகும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் நண்பரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? 'ஸ்தஸேரா வாய் ஆ லெத்தோ பிரெஸ்தோ' (இன்னைக்கு ராத்திரி சீக்கிரம் படு) என்று முன்னால் இருப்பதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு மென்மையாச் சொன்னாலும் நண்பர் 'லோ ஸோ, லோ ஸோ'ன்னு முகத்தைத் திருப்பிக்கிறார். வேற வழி?

அப்போது 'நீ'யை விட்டுவிட்டு 'நாம்' எடுங்கள். 'பெர்கே நோன் ச்சி அந்தியாமோ இன்ஸியேமே?' என்றால் 'நாம சேர்ந்தே போகலாமே?' என்று அர்த்தம். வினையின் 'யாமோ' முடிவு கேட்பவரைத் திருத்துவதில்லை, கூட அழைக்கிறது. 'தொமானி அந்தியாமோ ஆ கோர்ரெரே?' (நாளைக்கு ஓடப் போலாமா?), 'ஸ்தஸேரா குச்சினியாமோ நோய்?' (ராத்திரி நாமே சமைப்போமா?). தமிழில் 'போலாம்' என்று எந்த இடத்தில் சொல்வீர்களோ அந்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லலாம். வருகிறேன் என்று அவர் சொன்னால், மறுநாள் சொன்ன நேரத்துக்கு நீங்கள் போய் நிற்க வேண்டும்.